காதுகுத்தைத் தள்ளி வச்சிருக்கோம்

போன பதிவுல தக்காளி விலை பத்தி எழுதுறேன்னு சொல்லியிருந்தேன். அது இருக்கட்டும். கிலோ எட்டு ரூபாய்க்குப் போறதை ஒரு வாரம் கழிச்சு எழுதினாலும் எட்டு ரூபாய்தான். வீட்டுல வேற ஒரு விஷயம் ஓடிக்கிட்டிருக்கு. அதைச் சொல்லாம மத்ததை எழுத கை வரல.

என் தங்கச்சி பேரனுக்கு இந்த ஆவணியில குலதெய்வம் கோயில்ல காதுகுத்து வச்சிருந்தோம். கிடாய்க்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு. பத்திரிகையும் அடிச்சாச்சு. இப்ப தள்ளி வச்சிருக்கோம். தள்ளி வைக்கச் சொன்னது பிள்ளையோட தாய்மாமன்.

எங்க பக்கம் காதுகுத்துன்னா பிள்ளை தாய்மாமன் மடியிலதான் உக்காரணும். அது பெரிய மரியாதை. 26 வருஷத்துக்கு முன்னாடி எங்க அக்கா மகனுக்குக் காது குத்தினப்ப மடி என்னோடது. ஆசாரி ரெண்டு காதையும் குத்திட்டு எழுந்துட்டார். பிள்ளை வாயில சர்க்கரையைப் போட்டோம், அழுகை நின்னுச்சு. பந்தியில உக்காந்தப்ப பார்க்கிறேன், என் வேட்டியில சொட்டு சொட்டா சிவப்பு. பிள்ளை காதுல இருந்து ஒழுகிக்கிட்டே இருந்துச்சு. குபுகுபுன்னு வரல. மெதுவா, நிக்காம. மஞ்சள் வச்சாங்க, சுண்ணாம்பு வச்சாங்க, ஒரு அத்தை காப்பித்தூளை அமுக்கினாங்க. விடியுறதுக்குள்ள ரெண்டு துண்டு நனைஞ்சிருச்சு.

மறுநாள் டவுன்ல ஒரு டாக்டர் தொடையில ஊசி போட்டார். அந்தத் தொடை வீங்கி, கல்லு மாதிரி ஆயிருச்சு. மூணாம் நாள் மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். அங்கதான் அந்தப் பேரை முதல்ல கேட்டேன். ஹீமோபீலியா. தசையில ஊசியே போடக்கூடாத பிள்ளைன்னு சொன்னாங்க.

பல தடவை கேட்டுத்தான் எனக்கு இது புரிஞ்சுச்சு. வாய்க்கால் உடைஞ்சா எப்படி அடைக்கிறோம்? ஒருத்தன் மண்ணு வெட்டணும், ஒருத்தன் வைக்கோல் தரணும், ஒருத்தன் மிதிக்கணும். ரத்தம் உறையுறதும் அப்படித்தான். ஒண்ணு மாத்தி ஒண்ணு வேலை செய்யுற புரதங்கள் இருக்கு, ஃபேக்டர்னு சொல்றாங்க. அதுல எட்டாம் நம்பர் குறைஞ்சா ஏ வகை, ஒன்பதாம் நம்பர் குறைஞ்சா பி வகை. மருமகனுக்கு எட்டாம் ஆள் வரவே இல்ல. மத்த ஆள் எல்லாம் மம்பட்டியோட நின்னு என்ன பண்ண? வெளியில தெரியுற காயத்தைவிட உள்ளுக்குள்ள, முட்டியில, முழங்கையில ரத்தம் கட்டுறதுதான் இதுல பெரிய தொல்லை. அடிபடக்கூட வேண்டாம், தானாவே கட்டும்.

இது தாய் வழியா வர்றது. தாய்க்குப் பெரும்பாலும் ஒரு தொந்தரவும் இருக்காது, ஆனா கடத்துவா. அவளுக்குப் பிறக்கிற ஒவ்வொரு பையனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பொண்ணுன்னா, அவளும் கடத்துறவளா இருக்க பாதிக்குப் பாதி. டாக்டர் இதைச் சொன்ன அன்னைக்கே அக்காவோட மாமியார் வீட்டுல "உங்க வம்சத்து ரத்தம்"னு பேச்சு வந்துருச்சு. மச்சான் நல்ல மனுஷன், வாயைத் திறக்கல. திறந்திருக்கலாம்.

எங்க அம்மா அன்னைக்கு ஒரு மூலையில உக்காந்திருந்தாங்க, ஒரு வார்த்தை பேசல. எட்டு வருஷம் கழிச்சு, சாகுறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி என்கிட்ட மட்டும் சொன்னாங்க. அவங்களுக்கு ஒரு தம்பி இருந்தானாம். ஏழு வயசுல பால் பல்லு விழுந்து, ரத்தம் நிக்காம நாலு நாள்ல போயிட்டானாம். காத்து கருப்புன்னு சொல்லி மூடிட்டாங்க. அம்மாவுக்கு அது ஞாபகம் இருந்திருக்கு, காதுகுத்து அன்னைக்கும் இருந்திருக்கு. எனக்கு அம்மா மேல அந்தக் கோபம் இன்னும் முழுசா போகல. செத்தவங்களைப் பத்தி எழுதுறது சரியில்லதான். இருந்தாலும் எழுதுறேன்.

அப்போ ஃபேக்டர் மருந்தை விலைக்கு வாங்குறது எங்களால ஆகாத காரியம். ரத்தத்துல இருந்து பிரிச்ச பிளாஸ்மாதான் ஏத்துவாங்க. ஏத்துற ரத்தத்துக்குப் பதிலா ரத்தம் கொடுங்கம்பாங்க. எங்க ஊர்ப் பசங்க நாலு நாலு பேரா முதல் பஸ் ஏறி மதுரைக்கு வந்தாங்க. ஒருத்தர் ஒரு தடவை கொடுத்தா மூணு மாசம் கழிச்சுத்தான் திரும்பக் கொடுக்க முடியும். அதனால டீக்கடைக்காரர் காலண்டர்ல பேர் எழுதி வச்சு முறை போட்டார், நாங்க ஏரித் தண்ணிக்கு முறை போடுற மாதிரியே. தண்ணி முறையில வெட்டுக்குத்து வரைக்கும் போன ரெண்டு வீட்டுக்காரங்க இந்த முறையில ஒரே பஸ்ல போயிட்டு வந்தாங்க. திரும்பி வந்து மறுபடி பேச்சுவார்த்தை இல்ல, அது வேற கதை.

பெட்டிக்கடை ஃப்ரிட்ஜ்ல சோடா பாட்டிலுக்குப் பக்கத்துல ஐஸ் பாக்கெட் எப்பவும் கிடக்கும். முட்டி வீங்குச்சுன்னா ஐஸ் வச்சுக் கட்டி, காலை உயர்த்தி வச்சு, வண்டியில ஏத்தணும். இது எங்க தெருவுல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியார் அவனைக் கபடிக்கு அம்பயர் ஆக்கினார். தப்பா விசில் ஊதி நிறைய திட்டு வாங்குவான். அதுல அவனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஊர் பண்ணினது எல்லாமே நல்லதுன்னு சொல்ல மாட்டேன். "கண்ணாடி"ன்னு பட்டப்பேர் வச்சாங்க. பாசமாத்தான் கூப்பிட்டாங்க, ஆனா அவன் கூனிப் போவான். ஏழு வயசுல முட்டி வீங்கினப்ப, நாங்க யாரும் இல்லாத நேரம் பார்த்து அவன் அப்பத்தா ஒரு வைத்தியர்கிட்ட தூக்கிட்டுப் போய் எண்ணெய் போட்டு உருவிட்டாங்க. உள்ளே கட்டுன ரத்தம் இன்னும் பெருகிருச்சு. மூணு மாசம் நடக்கல. அந்த வலது முட்டி இன்னைக்கும் முழுசா நீளாது. அந்தக் கிழவியும் பேரன் மேல உயிரையே வச்சிருந்தவங்கதான்.

ஒரு நாள் ஆஸ்பத்திரி வராண்டாவுல இன்னொரு பையனோட அப்பா எங்களை ஹீமோபீலியா சங்கத்துக் கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனார். இந்தியாவுல இதுக்கான கூட்டமைப்பை 1983-ல ஆரம்பிச்சது அசோக் பகதூர் வர்மா. அவருக்கே இந்த நோய். கூட்டத்துல அக்கா மூலையில போய் உக்காந்தா. பக்கத்துல ஒரு அம்மா, ரெண்டு பையன், ரெண்டு பேருக்கும் இது. அந்த அம்மா டிபன் பாக்ஸைத் திறந்து, "சாப்பிடுங்க, அப்புறம் அழலாம்"னு சொல்லியிருக்காங்க. அக்கா அதுக்கு முன்னாடி வெளி ஆள் முன்னாடி சிரிச்சு நான் பார்த்து ரொம்ப வருஷம் ஆயிருந்துச்சு. இங்கிலாந்து விக்டோரியா ராணியோட ஒரு மகனுக்கும் இதே நோய்னு அங்க சொன்னாங்க. வீட்டுக்கு வந்த கையோட அக்கா மாமியார்கிட்ட சொன்னா: "ராணி வம்சத்து ரத்தம் அத்தை, பார்த்துப் பேசுங்க."

ஆஸ்பத்திரிக்கு ஓடுறதுக்குள்ள பாதி சேதம் ஆயிடும். அதனால தானே நரம்புல மருந்து ஏத்திக்கிறதை அங்கதான் கத்துக் கொடுத்தாங்க. பதினாலு வயசுல மருமகன் கத்துக்கிட்டான். எனக்கு இன்னும் அந்த ஊசியைப் பார்த்தா கண்ணு இருட்டும். இப்ப ஃபேக்டர் அரசு ஆஸ்பத்திரியில இலவசம். ஐஸ் பெட்டியில வச்சு கொண்டு வருவோம். அந்தப் பெட்டியைத் தூக்குறது மாமன் வேலை. சீர்வரிசைத் தட்டைவிட அதைத்தான் நிறைய தடவை தூக்கியிருக்கேன்.

இப்ப அவன் இ-சேவை மையம் வச்சிருக்கான். 2016 சட்டத்துல ஹீமோபீலியா, தலசீமியா, சிக்கில் செல் மூணையும் மாற்றுத்திறனாளிகள் பட்டியல்ல சேர்த்திருக்காங்க. அந்த அடையாள அட்டைக்கு அலையுறவங்களுக்கு அவன்தான் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறான்.

இனி இந்தக் காதுகுத்துக்கு வர்றேன். தங்கச்சிக்கு ஒரே பொண்ணு, அண்ணன் தம்பி இல்ல. அதனால அந்தப் பொண்ணோட பிள்ளைக்கு முறைப்படி தாய்மாமன் யாரு? பெரியம்மா மகன். அதாவது நம்ம "கண்ணாடி". எங்க அம்மாகிட்ட இருந்தது தங்கச்சிக்கும் வந்திருக்கலாம், அங்க இருந்து அவ பொண்ணுக்கும் போயிருக்கலாம். கல்யாணத்துக்கு முன்னாடியே டெஸ்ட் எடுக்கச் சொன்னோம். "என் பொண்ணு வாழ்க்கையைக் கெடுக்காதே"ன்னு தங்கச்சி என்கிட்ட ஒரு வருஷம் பேசல. நானும் விட்டுட்டேன். அம்மா மாதிரியே நானும் வாயை மூடிட்டேன்.

அழைக்கப் போனப்ப மருமகன் தாம்பூலத்தைத் தொடல. "சித்தி, என் மடியில உக்காரணும்னா குழந்தைக்கு ஃபேக்டர் அளவு பார்த்துட்டு வாங்க. ஒரு தடவை ரத்தம் எடுத்தாப் போதும். இல்லாட்டி வேற மடி பாத்துக்கங்க"ன்னான். தங்கச்சி அழுதா, கத்தினா. சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு கேட்டா. "நானே போய்ச் சொல்றேன்"னு வண்டியை எடுத்துட்டான். நான் பின்னாடி உக்காந்தேன்.

அங்க போய் அவன் நீட்டி முழக்கல. பேண்ட்டை மடிச்சு அந்த மடங்கின முட்டியைக் காமிச்சான். "இது நோயால ஆனது இல்ல மாமா, தெரியாததால ஆனது"ன்னான். சம்பந்தி ரொம்ப நேரம் பேசல. அவர் சம்சாரம் உள்ளே போனவங்க திரும்பி வரவே இல்ல. காப்பி வரல. நாங்க செருப்பை மாட்டுறப்ப அவர் கேட்டது ஒண்ணுதான்: "எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரணும்?"

வர்ற திங்கக்கிழமை மதுரைக்குப் போறோம். சம்பந்தி அம்மா இன்னும் தங்கச்சிகிட்ட சரியாப் பேசல. பிள்ளைக்கு வாங்கின கடுக்கன் மருமகன் வீட்டு பீரோவுல இருக்கு. கிடாய்க்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தர மாட்டேங்கிறார், எப்ப வந்தாலும் கிடாய் தர்றேன்கிறார்.

தக்காளி அடுத்த வாரம்.