முல்லைத்தீவுக் கடலில் முதலில் யார் குளிப்பது

நெடுங்காலம் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பிய எனக்கு முல்லைத்தீவில் பார்க்க வேண்டியிருந்தது கடல் ஒன்றைத்தான். நகரத்துத் தெருக்களும் காப்பெற் வீதிகளும் எந்த ஊரிலும் இருக்கக்கூடியவை. சிலாவத்தையிலிருந்து வட்டுவாகலைத் தாண்டி முள்ளிவாய்க்கால் வரை கிடக்கும் கரை வேறெங்கும் இல்லை. ஆளரவமற்ற கரை, நீந்தவும் கண்ணாடி பூட்டிச் சுழியோடவும் வாய்ப்பான இடம் என்று வெளியிலிருந்து வருகிறவர்கள் அதைப் புகழும்போது எனக்கு எரிச்சல் மூளுகிறது. அந்த ஆளின்மை இயற்கை தந்ததல்ல. 2004 டிசம்பர் 26 இல் கரையோரக் குடிமனைகளைச் சுனாமி வழித்தெடுத்தது. 2009 இல் போரின் முடிவில் புதுமாத்தளனிலிருந்து தெற்கே ஒடுங்கிய மணற்கீற்றில் லட்சக்கணக்கான சனம் நெருக்கப்பட்டது; அதில் பலர் மே 18 வரை செத்தார்கள். அதன்பின் வட்டுவாகலில் 617 ஏக்கரைக் கடற்படை முகாம் பிடித்துக்கொண்டது. எஞ்சிய கரையும் வெறுங்கரையல்ல. கரைவலைக்கு அங்கே பாடு உண்டு. எந்தத் துண்டில் யார் வலை வளைப்பது என்பது தலைமுறையாக வகுக்கப்பட்டது. வலை இழுத்து முடிந்த மதியத்தில் வந்து நிற்பவருக்கு அது ஆளில்லாத மணலாகத் தெரிகிறது.

அப்படியானால் அங்கே எவருமே குளிக்கக் கூடாது, அது மயானம் என்று புலம்பெயர்ந்தோரில் பலர் சொல்வார்கள். அந்தத் துயரத்தை நான் மதிக்கிறேன், முடிவை ஏற்கவில்லை. வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலுக்குச் சிலாவத்தைக் கரையில்தான் தீர்த்தம் எடுக்கிறார்கள். அந்த உப்புநீரை முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுபோய், அதிலேயே விளக்கெரிக்கிறார்கள். இறந்தவர்களை நினைத்து முள்ளிவாய்க்கால் கஞ்சி வார்க்கும் மே 18 உம் அதே வைகாசியில்தான் வருகிறது. ஒரே மாதத்தில் ஒரே கடலிடம் அழவும் விளக்குக்கு நீர் கேட்கவும் அந்தச் சனத்துக்கு முடிகிறது. சுனாமி கொண்டுபோனவர்களின் வீட்டு ஆண்களே மறுபடி வள்ளம் தள்ளினார்கள். கடலைத் தொடாமல் வைத்திருப்பதுதான் மரியாதை என்று தூரத்தில் இருக்கும் நாங்கள் அவர்களுக்கு விதிக்க முடியாது.

சுற்றுலா வந்தால் தொழில் வரும் என்பது மற்றப் பக்கத்து வாதம். வேலையில்லாத இளைஞர்கள் நிறைந்த மாவட்டத்தில் அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் போருக்குப் பின் முதலில் வந்த சுற்றுலா எப்படியிருந்தது? 2006 டிசம்பரில் அரிசியோடு தரைதட்டிய ஃபாரா 3 கப்பலையும், விடுதலைப் புலிகளின் கடற்பிரிவான கடற்புலிகளின் நீச்சல் தடாகத்தையும் பார்க்கத் தெற்கிலிருந்து பஸ்கள் வந்தன. நந்திக்கடல் களப்பின் ஓரத்தில் இராணுவமே விடுதி நடத்தியது. 2012 செப்டெம்பரில் இடம்பெயர்ந்தோர் முகாமான மெனிக் பாம் மூடப்பட்டபோது கேப்பாப்புலவு மக்கள் சொந்தக் காணிக்குப் போக முடியாமல் சீனியாமோட்டையில் இறக்கப்பட்டார்கள். பார்க்க வந்தவர்களுக்குத் திறந்த வழி, வாழ்ந்தவர்களுக்கு அடைபட்டிருந்தது. நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவையும் நினைக்க வேண்டும்: 2003 இல் தேசியப் பூங்காவானது, பிறகு கூட்டம் மிதித்ததாலும் பவளப்பாறை சிதைந்தது.

முல்லைத்தீவுக் கரையில் அப்படி விற்கத்தக்க பவளமும் பெரிதாக இல்லை. மணல் அடி, நேரே வங்காள விரிகுடாவின் அலை. வாடை பெயர்ந்து மாரி இறங்கினால் கடல் கொந்தளிக்கும். நந்திக்கடலின் வாய் வெட்டினால் கலங்கல் நீர் வெளியே பாயும். சோளகக் காற்று தரையிலிருந்து வீசும் மாதங்களில்தான் கரையோரக் கடல் படுத்துக் கிடக்கும், அப்போதுதான் குளிப்பும் நீச்சலும். அந்த மாதங்களுக்குள் பள்ளிக்கூடங்களின் ஆகஸ்ட் விடுமுறையும் வருகிறது. சுனாமிக்குப் பின் பிள்ளைகளைக் கடலில் இறக்கவே பயந்த தாய்மார் உள்ள ஊர் இது. வெளியாட்களுக்கு முன் அந்தப் பிள்ளைகளுக்குத்தான் இங்கே நீச்சல் பழக்க வேண்டும். பழக்குவதற்குச் சுழியோடிகள் ஊரிலேயே இருக்கிறார்கள். கடற்றொழிலாளர் சங்கங்கள் கரைவலைப் பாட்டுக்கு வெளியே குளிக்கிற துண்டைக் குறித்துக் கொடுக்கலாம், உயிர்காப்புக்குத் தம் ஆட்களையே நிறுத்தலாம், கட்டணத்தையும் தாமே வாங்கலாம். வட்டுவாகல் காணி உரியவர்களிடம் திரும்பும் வரை அந்தக் கரையில் புதிய விடுதி எதற்கும் அனுமதி கொடுக்கக் கூடாது.