வேகமான வண்டி எதுக்கு டாக்டர்?



வண்டி மாற்றிய படத்தைப் போட்டதிலிருந்து இன்பாக்ஸில் ஒரே கேள்விதான். "நல்லா ஓடிட்டு இருந்த பிரெஸ்ஸாவைக் கொடுத்துட்டு எதுக்கு டாக்டர் எக்ஸ்யுவி 300 டர்போ ஸ்போர்ட்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை. அதனால் இந்த நீள் பதிவு. டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து நிதானமாக வாசியுங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஆட்டோமொபைல் நிபுணர் இல்லை. அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் எம்பிபிஎஸ் டாக்டர். எந்த கம்பெனியும் எனக்கு ஒரு கீ செயின்கூட சும்மா தரவில்லை. பாதி சொந்தக் காசு, மீதி வங்கிக் கடன்.

வீடு புதுக்கோட்டையில். மருத்துவமனை அங்கிருந்து 40 கி.மீ. போக வர 80. பெரும்பகுதி இருவழிச் சாலை. இரண்டு பக்கமும் புளியமரம், நடுவில் ஆட்டுமந்தை, அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டில் நெல் காயும், ராத்திரியில் பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர், எப்போதும் எம்-சாண்ட் டிப்பர். நம்மூர் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த ரோட்டில் ஆறு வருஷம், 1 லட்சத்து 10 ஆயிரம் கி.மீ. என் 2017 மாடல் விட்டாரா பிரெஸ்ஸா டீசல் ஓடியது. ஒருநாள்கூட நடுவழியில் விட்டதில்லை. லிட்டருக்கு 20 கொடுத்தது. அதைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

அப்புறம் ஏன் மாற்றினேன்?

இதே கேள்வியை என் மனைவி வேறு மாதிரி கேட்டார். "வாரம் முழுக்க ஆக்சிடென்ட் கேஸ் தைக்கிறீங்க. உங்களுக்கு எதுக்குங்க ஸ்போர்ட்டி வண்டி?"

நியாயமான கேள்வி. அவருக்குச் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

இரண்டு வண்டியும் ஒரே சைஸ்தான். நீளம் இரண்டுமே 3,995 மில்லிமீட்டர். 4 மீட்டருக்குள் இருந்தால் வரி குறைவு என்பதால் நம் நாட்டு காம்பாக்ட் எஸ்யூவி எல்லாம் இந்தக் கோட்டுக்குள்ளேயே நிற்கும். வித்தியாசம் உள்ளே இருக்கிறது. பழைய வண்டி 1.3 லிட்டர் டீசல், 90 பிஎஸ் பவர், 200 என்எம் டார்க். புதியது 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், 130 பிஎஸ், 230 என்எம். பழையதில் பின்சக்கரத்துக்கு டிரம் பிரேக். இதில் நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க். குளோபல் என்கேப் மோதல் சோதனையில் விட்டாரா பிரெஸ்ஸா 2018இல் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 4 நட்சத்திரம், குழந்தைகளுக்கு 2 வாங்கியது. எக்ஸ்யுவி 300 2020இல் 5, 4 வாங்கியது. வீட்டில் ஆறு வயது மகள் இருக்கிறாள். அந்த இரண்டாவது எண் எனக்கு முக்கியம்.

சரி, கூடுதல் 40 பிஎஸ் எதற்கு?

முந்துவதற்கு. வேறு எதற்கும் இல்லை.

இருவழிச் சாலையில் டிப்பரை முந்தும்போது, எதிர்ப்பாதையில் நாம் இருக்கும் நொடிகள்தான் உயிரை எடுக்கும் நொடிகள். நீங்கள் 80இல் போகிறீர்கள், எதிரே ஒருவர் 80இல் வருகிறார் என்றால், இருவருக்கும் நடுவிலுள்ள தூரம் நொடிக்கு 44 மீட்டர் கரையும். இரண்டு நொடி முன்னதாக நம் பாதைக்குத் திரும்பினால் கிட்டத்தட்ட 90 மீட்டர் மிச்சம். பழைய வண்டியில் கியரைக் குறைத்து, டர்போ எழும்பும் வரை காத்திருந்துதான் முந்துவேன். அதனால் பல தடவை "வேணாம்"னு விட்டுவிடுவேன். புதியதில் மிதித்த உடனே கிளம்புகிறது.

சிசேரியன் கேஸுக்கு முன்னால் நாங்கள் ரத்தம் ஏற்பாடு செய்து வைப்போம். பெரும்பாலும் அது தேவைப்படாது. தேவைப்படாமல் போனால்தான் எங்களுக்கு சந்தோஷம். ஆனால் கையிருப்பு இல்லாமல் கேஸை ஆரம்பிக்க மனசு வராது. வண்டியின் பலமும் எனக்கு அப்படித்தான். அது கையிருப்பு.

இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. கையிருப்பு இருந்தால் செலவழிக்கக் கை துறுதுறுக்கும்.

இந்த வண்டியில் 70இல் போகிற மாதிரி இருக்கும், முள்ளைப் பார்த்தால் 90. இன்ஜின் சத்தம் கம்மி, ஆட்டம் கம்மி. வேகத்தை நாம் காதாலும் முதுகாலும்கூடக் கணிக்கிறோம். வண்டி நன்றாக இருக்க இருக்க அந்தக் கணிப்பு தப்பாகும். டிரைவர் சரியில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. மனித உடம்பே அப்படித்தான்.

அந்த 20 கி.மீ. என்ன செய்யும் என்று ஒரு சின்னக் கணக்குப் போடலாம் வாங்க.

காய்ந்த, நல்ல ரோடு. ஆபத்தைப் பார்த்து பிரேக்கை மிதிக்க ஒரு நொடி என்று வைத்துக்கொள்வோம். 80இல் போகிறவருக்கு அந்த ஒரு நொடியில் 22 மீட்டர் போய்விடும், அப்புறம் பிரேக் பிடித்து நிற்க ஏறக்குறைய 36 மீட்டர். மொத்தம் 58. சரியாக 58ஆவது மீட்டரில் ஒரு கரும்பு டிராக்டர் நிற்கிறது என்றால், வண்டி அதைத் தொடாமல் நின்றுவிடும்.

இப்போது அதே வண்டி, அதே பிரேக், அதே டிரைவர். வேகம் மட்டும் 100. முதல் நொடியிலேயே 28 மீட்டர் காலி. மிச்சம் இருப்பது 30 மீட்டர். டிராக்டரை அடையும்போது வண்டியின் வேகம் என்ன தெரியுமா? கிட்டத்தட்ட 68.

20 கி.மீ. கூடினால் 20இல் இடிக்கும் என்று மனசு நினைக்கும். இடிப்பது 68இல். வேகத்தின் வர்க்கத்தில் ஆற்றல் ஏறும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அது இதுதான்.

இன்னொன்றையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அந்த நட்சத்திரங்கள் கொடுக்கும் முன்பக்க மோதல் சோதனை நடப்பது 64 கி.மீ. வேகத்தில். 90இல் மோதினால் ஆற்றல் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 5 நட்சத்திரம் என்பது எல்லா வேகத்துக்கும் எழுதிக்கொடுத்த பட்டா கிடையாது.

விபத்தில் ஒரே நேரத்தில் மூன்று மோதல் நடக்கும். வண்டி எதிலாவது மோதும். உள்ளே இருக்கும் உடம்பு பெல்ட்டிலோ ஸ்டியரிங்கிலோ மோதும். மூன்றாவதாக, உடம்புக்குள் இருக்கும் மண்ணீரல், கல்லீரல், மூளை எல்லாம் அதே வேகத்தில் முன்னால் போய் மோதும், கிழியும். வண்டியின் பாடி முதல் மோதலை வாங்கிக்கொள்ளும். பெல்ட்டும் ஏர்பேக்கும் இரண்டாவதைத் தணிக்கும். மூன்றாவது மோதலைக் குறைக்க டிரைவர் கையில் இருக்கும் ஒரே மருந்து, மோதும் வேகத்தைக் குறைப்பதுதான். வெளியே ஒரு கீறல் இல்லாமல் நடந்து வந்து, "எனக்கு ஒண்ணும் இல்ல சார், வயிறுதான் லேசா வலிக்குது" என்று சொல்பவரைப் பார்த்துத்தான் கேஷுவாலிட்டியில் எங்களுக்கு அதிகம் பயம்.

சரி, 100இல் போனால் என்ன மிச்சம்? என் 40 கி.மீ.யில் ஊர், பள்ளிக்கூடம், வளைவு எல்லாம் போக, மிதிக்க இடம் இருப்பது 20 கி.மீ. அதை 80இல் கடந்தால் 15 நிமிஷம். 100இல் கடந்தால் 12 நிமிஷம். மூன்று நிமிஷம். ஒரு டீ ஆறும் நேரம்கூட இல்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு என் மனைவி ஒரு நிபந்தனை போட்டார். "சரி, வாங்குங்க. ஆனா நைட் டியூட்டி அன்னிக்கு வண்டிய எடுக்கக் கூடாது. பஸ்ல போயிட்டு பஸ்ல வாங்க."

அவர் பள்ளி ஆசிரியை. டாக்டர் இல்லை. ஆனால் சொன்னது அப்பட்டமான மருத்துவம். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருக்கும் ஒருவரின் கவனமும் கை கால் வேகமும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு மந்தமாகும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் வரம்பு 30 மில்லிகிராம். அதாவது நைட் டியூட்டி முடித்து ஓட்டுபவர், ஒரு சொட்டு குடிக்காமலே அந்த வரம்பைத் தாண்டியவர் மாதிரி. போலீஸ் ஊதச் சொன்னால் பூஜ்ஜியம்தான் காட்டும்.

ஆகவே இப்போதெல்லாம் மாதத்தில் ஐந்தாறு நாள் 130 பிஎஸ் வண்டி வாசலில் தூங்குகிறது. நான் அரசுப் பேருந்தின் ஜன்னல் சீட்டில் தூங்குகிறேன். கண்டக்டர் அண்ணன் ஸ்டாப் வந்ததும் தட்டி எழுப்புவார்.

குறைகளும் சொல்ல வேண்டும் அல்லவா? லிட்டருக்கு 13, 14தான் தருகிறது. என் ஓட்டத்துக்கு மாதம் ஏறக்குறைய 5,000 ரூபாய் பெட்ரோலுக்குக் கூடுதல். டிக்கி சின்னது. பிரெஸ்ஸாவில் 328 லிட்டர், இதில் 260கூட இல்லை. "தம்பி, அரிசி மூட்டைய வச்சா பையெல்லாம் மடியிலதான் வைக்கணும் போல"ன்னு அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். கிரவுண்ட் கிளியரன்ஸ் 198இலிருந்து 180 மில்லிமீட்டராகக் குறைந்துவிட்டது. மண் ரோடு அதிகம் உள்ளவர்கள் யோசிக்க வேண்டும். இப்போது எக்ஸ்யுவி 300 என்ற பெயரில் வண்டி வருவதில்லை, 2024 ஏப்ரலிலிருந்து அதன் இடத்தில் 3எக்ஸ்ஓ வருகிறது.

நீங்களும் இப்படி மாறுவதாக இருந்தால், எந்த கம்பெனி வண்டியாக இருந்தாலும், என் பங்குக்கு ஐந்து விஷயம்.

1. முதல் மாதம் முழுக்க முள்ளைப் பார்த்து ஓட்டுங்கள், உணர்வை நம்பாதீர்கள். 2019 ஜூலைக்குப் பிறகு வந்த கார்களில் 80ஐத் தாண்டினால் பீப் அடிக்கும். எரிச்சலாக இருக்கும்தான். அதை அணைக்க வழி தேடாதீர்கள்.

2. பின்சீட்டிலும் பெல்ட். பெல்ட் போடாத பின்சீட்டுக்காரர் மோதலில் முன்சீட்டுக்காரரை நசுக்குவார். பாட்டியாக இருந்தாலும் சரி, மாமனாராக இருந்தாலும் சரி.

3. குழந்தையை மடியில் வைத்து முன்சீட்டில் உட்காராதீர்கள். மோதலில் எந்தத் தாயின் கையாலும் பிள்ளையைப் பிடித்துவைக்க முடியாது. பெரியவரைக் காப்பாற்றும் ஏர்பேக் குழந்தையைக் கொல்லலாம். சைல்டு சீட் வாங்கிப் பின்சீட்டில் பூட்டுங்கள். அலாய் வீலுக்குக் கொடுக்கும் காசை இதற்குக் கொடுங்கள்.

4. நான்கு டிஸ்க் பிரேக் இருந்தாலும் ரோட்டைப் பிடிப்பது டயர்தான். மாதம் இரண்டு முறை காற்று பாருங்கள். தேய்ந்த டயரோடு மழைக்காலத்துக்குள் போகாதீர்கள்.

5. முந்தலாமா வேண்டாமா என்று சந்தேகம் வந்தால், பதில் வேண்டாம் என்பதுதான். எத்தனை பிஎஸ் இருந்தாலும்.

டெஸ்ட் டிரைவ் போகும்போது எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று மட்டும் பார்க்காமல், எவ்வளவு சீக்கிரம் நிற்கிறது என்றும் பாருங்கள். வீட்டில் யாராவது "எதுக்கு இந்த வண்டி?"ன்னு கேட்டால் கோபப்படாமல் பதில் சொல்லிப் பாருங்கள். வாயில் பதில் வரவில்லை என்றால், ஷோரூமுக்குப் போவதைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம்.

நல்ல வண்டி வாங்குங்க. அதன் கையிருப்பைத் தொடாமலே தினமும் வீடு வந்து சேருங்க.