வெந்நீர் விட்டுப்போன கல்

வெந்நீர் ஊற்றுக்கு வருகிறவர்கள் முதலில் வெப்பமானியைத்தான் எடுப்பார்கள். நான் கரையில் படிந்த கல்லைத்தான் முதலில் பார்ப்பேன். தண்ணீர் இன்றைய சூட்டைச் சொல்லும். பழைய கணக்கு கல்லில்தான் இருக்கும்.

லடாக்கின் பூகா பள்ளத்தாக்கு சுமார் 4,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் 85 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. 1970-களில் போட்ட ஆழ்துளைகளில் 400 மீட்டருக்குள்ளேயே 140 டிகிரி வரை கிடைத்தது. கரையெல்லாம் வெள்ளை. ஆனால் எல்லா வெள்ளையும் ஒன்றில்லை. மிதித்தால் நொறுங்கும் பொருக்கில் வெங்காரமும் வேறு உப்புகளும் உண்டு. நம் ஊர்த் தட்டார் நகை பற்றவைக்க எடுக்கும் அதே வெங்காரம். அது தண்ணீரில் கரைந்துவிடும். கரையாத வெள்ளையில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட வேண்டும். நுரைத்தால் சுண்ணப் படிவு. சும்மா கிடந்தால் அநேகமாகச் சிலிக்கா.

சிலிக்கா என்றால் எனக்குக் கொண்டாட்டம். சூடு ஏற ஏறத் தண்ணீர் பாறையிலிருந்து சிலிக்காவைக் கூடுதலாகக் கரைத்துக்கொள்ளும். மேலே வந்து ஆறினால் இறக்கிவிடும். சுண்ணாம்பு நேர்மாறு, சூட்டில் கரைவது குறையும். ஆகவே சிலிக்கா கெட்டியாகப் படிந்த கரையைக் கண்டால், ஊற்றே வற்றியிருந்தாலும், அடியில் ஒரு காலத்தில் 180 டிகிரி அளவுக்காவது சூடு இருந்தது என்று எடுத்துக்கொள்வோம். லென்ஸில் பார்த்தால் ஊற்றுவாய் அருகே மணிமணியாக இருக்கும். தள்ளிப் போகப்போக நார்நாராக மாறும். பாக்டீரியா இழைகளின்மேல் சிலிக்கா போர்த்திய அச்சு அது.

ஐஸ்லாந்தின் ஸ்ட்ரோக்கர் என்ற வெந்நீர்ப் பீச்சூற்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை பீச்சியடிப்பதற்கும் இந்தப் படிவின் உதவி உண்டு. குறுகலான குழாயின் உட்சுவரைச் சிலிக்கா பூசி, கசியாதபடி அடைக்கிறது. மேலிருக்கும் நீரின் கனத்தால் அடிநீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் கிடக்கும். மேலே கொஞ்சம் வழிந்தால் கனம் குறைந்து, அடியில் சட்டென்று ஆவி கிளம்பி மிச்ச நீரையும் தூக்கியடிக்கும்.

எங்கள் இளையாத்தங்குடியில் வெந்நீர் ஊற்று கிடையாது. ஆனால் செட்டிநாட்டுச் செம்புராங்கல்லும் தண்ணீர் செய்த கல்தான். வேலை மட்டும் தலைகீழ். காலங்காலமாக இறங்கிய மழைநீர் சிலிக்காவைக் கழுவிக்கொண்டு போக, இரும்பும் அலுமினியமும் தங்கிவிட்டன. ஊருக்குப் போனால், கிணறு வெட்டிக் குவித்த கல்லை உடைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பேன். "என்னண்ணே, தங்கம் கிடைக்குதா?" என்பார்கள். நான் தேடுவது கல்லின் துளைகளில் அப்பியிருக்கும் வெளிறிய களிமண்ணை. கழுவல் போக மிஞ்சிய சிலிக்கா அதில்தான் அலுமினியத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.