தடித்த டயர் காலம்

தொண்ணூறுகளில் கலவை பஜாரில் ஒரு ஹெர்குலிஸ் எம்டிபி (மவுண்டன் பைக்) வந்து நின்றால் முதலில் டயரைத்தான் தொட்டுப் பார்ப்போம். பட்டன் பட்டனாய்த் தடித்த ரப்பர், நேர் ஹேண்டில்பார். மேல்விஷாரம் தோல் ஷாப்புக்குப் போகும் அண்ணன்களின் கறுப்பு சைக்கிளுக்குப் பக்கத்தில் அது வேறு உலகம்.

அந்த உலகம் கலிபோர்னியாவின் டமால்பைஸ் மலையில் பிறந்தது. 1976-இல் அதன் அருகே ரீபேக் பந்தயம் தொடங்கியபோது இறங்கியவை பெரும்பாலும் பழைய ஷ்வின் சைக்கிள்கள். இறக்கத்தில் பின் ஹப் பிரேக் கொதித்து கிரீஸ் புகையாய்ப் போய்விடும். மறுபடி அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். பந்தயத்தின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். ஓட்டியவர்கள் போட்டது ஜீன்ஸும் பூட்ஸும். இன்றைய கார்பன் பிரேமைவிட அந்த ஷோக்குதான் எனக்குப் பிடிக்கும்.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் பழைய எம்டிபிகளுக்கென்றே யாராவது ஒரு பந்தயம் வையுங்கள். முதல் பெயர் என்னுடையது.