எட்டு அவயவங்கள் கொண்ட எழுத்து

போடிநாயக்கனூரில் காற்று உலர்ந்தது. முந்தலைக் கடந்து போடிமெட்டுக்கு ஏறிவிட்டாலோ, ஆடி மாதத்து மஞ்சு ஏலச் செடிகளின் இலைதோறும் நீராகச் சொட்டும். இவ்விரு சீதோஷ்ணங்களும் ஒரே தூரிகையை இரு வேறு விதமாக நடத்துகின்றன என்பதை, சீனரின் எழுத்துக் கலையில் எனக்குப் பிரேமை உண்டான பின்பே உணர்ந்தேன். ஊரில் மை விழுந்த இடத்திலேயே உலர்கிறது. மலையில் ஈரத்தைக் குடித்த காகிதத்தில் கரை மீறிக் கசிகிறது. ஆகவே அங்கே மைக்கட்டியைக் கல்லில் நெடுநேரம் தேய்த்து, கையையும் சற்று விரைந்து செலுத்த வேண்டும்.

காய்ஷு என்னும் நேரிய எழுத்துமுறை தாங் வம்சத்தார் காலத்தில் பூரண வடிவம் எய்தியது. அதில் ஒரு கிடைக்கோடு இழுப்பதுகூட அற்ப காரியமன்று: வலப்புறம் செல்ல வேண்டிய தூரிகை முதலில் இடப்புறமாக நுழைந்து, தன் கூர்மையை மறைத்துக்கொண்டு, அழுந்தித் திரும்பி, நடுவில் சற்றே இலேசாகி நகர்ந்து, முடிவில் மீண்டும் அழுந்தி, வந்த வழியே உள்ளுக்கு மடங்கி நிற்க வேண்டும். மழைச் சரிவில் பச்சைக்காய் மூட்டையுடன் இறங்கும் தொழிலாளி, உடற்பாரத்தை விடுமுன் குதிகாலை ஊன்றி மண்ணைச் சோதிப்பானே, அந்த ஜாக்கிரதைதான் இந்த முதல் ஸ்பரிசம்.

கோடுகள் இரண்டானாலும் இருபதானாலும் எழுத்துக்கு வாய்ப்பது ஒரே அளவுச் சதுரந்தான். 632இல் ஓயாங் ஷுன் எழுதிய ஜியூசெங் அரண்மனைச் சாசனத்தில் எதிரெதிர் நிற்கும் செங்கோடுகள் உட்புறமாக ஒடுங்கி, ஒரு தபஸ்வியின் மேனி போல் இறுகியிருக்கும். அடுத்த நூற்றாண்டினரான யான் ஜென்சிங்கின் முதிர்ந்த எழுத்திலோ அவை வெளிப்புறமாக வளைந்து, கனத்து, நடுவில் விசாலமான வெளியைக் காக்கும். என் மனம் யானின் பக்கமே சாய்கிறது; அந்தக் கம்பீரத்தில் தாட்சிண்யமும் இருக்கிறது.

புள்ளி, கிடை, செங்கோடு, கொக்கி முதலான எட்டு அடிப்படை வீச்சுக்களும் ஒருங்கே அமைந்தது 'யோங்' என்னும் எழுத்து. பயில்வோர் தலைமுறை தலைமுறையாக அதைத்தான் எழுதி எழுதிக் கை பழக்குகிறார்கள். சீனக் கடற்தளபதி செங் ஹோவின் கப்பற்படை கொண்டுவந்து, 1911இல் இலங்கையின் காலி நகரில் அகப்பட்ட மும்மொழிக் கல்வெட்டிலும் அது உண்டு. சீனம் புத்தரையும், தமிழ் தென்னாவர நாயனாரையும் துதிக்க, பாரசீகமும் உடன் நிற்கும் அச்சாசனத்தின் காலம் 1409. சீனப் பகுதியில் அக்காலம், அதே 'யோங்' எழுத்தில் தொடங்கும் பெயருடைய யோங்லே சக்கரவர்த்தியின் ஏழாம் ஆண்டு என்று குறிக்கப்பட்டுள்ளது. ஓலையில் எழுத்தாணியால் கீறி வளர்ந்தது நம் எழுத்து. அழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அது பதிவு செய்யவில்லை. தூரிகையெழுத்தோ கல்லில் வெட்டும்போதும் அதைச் சுமந்து செல்ல முயல்கிறது. கொழும்பு அருங்காட்சியகத்தில் அக்கல்லைக் காணும் தமிழர்கள் நம் பகுதியைப் படித்த திருப்தியோடு திரும்பிவிடாமல், சீனச் சாசனத்தின் முடிவில் அந்த ஆண்டுக் குறிப்பையும் தேடிப் பார்க்க வேண்டுமென்று மிகவும் விரும்புகிறேன்.