தரிசின் நாட்காட்டி

பறவைகள் சரணாலயம் என்று அரசு அறிவித்த ஏரி சேலம், நாமக்கல் மாவட்டங்களில் ஒன்றுகூட இல்லை. பறவை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஈரோட்டுப் பக்கம் வெள்ளோட்டுக்கோ திருப்பூர் நஞ்சராயன் குளத்துக்கோ போகிறார்கள். முன்னது 2022-லும் பின்னது 2024-லும் உலக ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறியவை. குளிருக்கு ஏற்காடு, அருவிக்குக் கொல்லிமலை என்று மற்றவர்கள் மலையேறிவிடுகிறார்கள். இரண்டு மலைகளுக்கும் நடுவில் கிடக்கும் மரவள்ளிக் காடும் சோளக் காடும் கரடும் ஏரியும் பேருந்து ஜன்னலுக்கு வெளியே ஓடி மறைவதோடு சரி. ஆனாலும் ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை, விடுமுறை நாள் காலைகளில் சேலம் மூக்கனேரிக் கரையிலும் நாமக்கல் தூசூர் ஏரிக் கரையிலும் கழுத்தில் பைனாகுலர் மாட்டிய சிறு கூட்டங்களைப் பார்க்க முடிகிறது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் ஒருவர் நடக்கிறார். வார நாட்களில் அவருக்கு வேறு வேலை இருக்கும்; ஆசிரியராகவோ மாணவராகவோ கடைக்காரராகவோ இருப்பார். இந்தக் கரைகளில் அவர்களுடைய வேலை நடக்கும் விதத்தைக் கவனித்ததில் எனக்கு ஒன்று உறுதிப்பட்டது. சமவெளியில் இயற்கை வழிகாட்டியின் வேலை பொழுதுபோக்குக்குத் துணை போவது என்ற அளவில் நிற்பதில்லை. தரிசு என்று தாளில் எழுதப்பட்ட நிலத்தில் எந்த மாதம் எது வாழ்கிறது என்று கண்டு சொல்லக்கூடியவர் அவர்தான். ஆகவே அந்த வேலை ஒரு தொழிலாக மதிக்கப்பட வேண்டும். அதற்குக் கூலியும் இருக்க வேண்டும்.

இந்தத் தொழிலின் மூலதனம் நாட்காட்டி. காப்புக்காட்டில் வழிகாட்டிக்கு இடம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. சமவெளியில் இடம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், காலம்தான் தெரியாது. புரட்டாசியிலேயே சாம்பல் வாலாட்டி வந்து ஓடைக்கரையில் வாலை ஆட்டத் தொடங்கிவிடும். ஐப்பசி மழையோடு இமய அடிவாரத்திலிருந்தும் நடு இந்தியாவிலிருந்தும் தோட்டக்கள்ளன் வந்து இறங்கும். விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுப்பதால் ஆறுமணிக் குருவி என்றும் அதற்குப் பெயர் உண்டு. அதே பருவத்தில்தான் கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலைகளை நோக்கிப் பட்டாம்பூச்சிகள் கூட்டங்கூட்டமாக இந்த வெளியைக் கடக்கின்றன. கிலுகிலுப்பைச் செடியும் தேள்கொடுக்கும் எங்கே மண்டியிருக்கின்றன என்று தெரிந்தவர், அந்தக் கூட்டம் எங்கே மொய்க்கும் என்பதையும் சொல்லிவிடுவார். ஆண் பூச்சிகள் இனப்பெருக்கத்துக்கு வேண்டிய வேதிப்பொருளை அந்தச் செடிகளிலிருந்து உறிஞ்சுகின்றன. வேலியில் செங்காந்தள் பூப்பதும் ஏறக்குறைய இதே மாதங்களில்தான். மார்கழியில் ஏரி நிறைந்திருந்தால் ஊசிவால் வாத்தும் கிளுவையும் மிதக்கும். தை பிறப்பதற்கு முதல் நாள் வீட்டு வாசலில் காப்புக்கட்ட மக்கள் தேடிப் போகும் ஆவாரம்பூவும் சிறுபீளையும் இந்தச் சமவெளியின் காட்டுப்பூக்கள்தான். காட்டுப்பூவைத் தேடிப் போகும் பயணத்தை நம் ஊரார் வெகுகாலமாகச் செய்துவருகிறார்கள், அதற்கு டிக்கெட் மட்டும்தான் இல்லை. மாசி, பங்குனியில் அடிவாரத்தில் புரசும் இலவும் பூக்க, மத்திய ஆசியாவுக்குத் திரும்ப வேண்டிய சோளக்குருவிகள் அந்தப் பூக்களில் தேன் குடித்துவிட்டுப் போகும். பூவும் பறவையும் பூச்சியும் தனித்தனி அத்தியாயங்கள் அல்ல, ஒரே கணக்கின் வரவுகள் என்று புரிந்துகொண்டவர்தான் இங்கே நல்ல வழிகாட்டி.

வேலையைக் கிட்டப்போய்ப் பார்த்தால் அதன் நுணுக்கம் புரியும். விருந்தினர் வருவதற்கு முன்பே பாதி முடிந்திருக்கும். ஏரியில் தண்ணீர் எவ்வளவு என்று மீன் குத்தகைக்காரரிடம் விசாரித்தாக வேண்டும். கரை ததும்ப நின்றால் வாத்தும் நீர்க்காகமும் கிடைக்கும், கரையோரம் நடந்து இரை தேடும் உள்ளான்களுக்கு இடம் இருக்காது. முழங்கால் ஆழத்துக்கு வற்றினால் மஞ்சள்மூக்கு நாரை இறங்கும். மீன் பிடிக்கத் தண்ணீரை வடித்த மறுநாள் கொக்கும் நாரையும் கூடி நிற்பது திருவிழாக் கூட்டமாக இருக்கும். காலை நடை என்றால் கிழக்குக் கரையில் ஆட்களை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். கூட்டமாக மிதக்கும் வாத்துகளை ஒவ்வொன்றாக எண்ண முயன்றால் முடிப்பதற்குள் பாதி இடம் மாறிவிடும். அதனால் பத்துப் பறவை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று முதலில் கண்ணில் அளந்துகொண்டு, அந்த அளவைக் கூட்டத்தின் மேல் வரிசையாக நகர்த்திப் பத்து, இருபது, முப்பது என்று எண்ணுகிறார்கள். சீமைக் கருவேலம் புதரிலிருந்து இரண்டு கூழாங்கற்களைத் தட்டினாற்போல் ‘டக்... டக்’ என்று ஓசை வரும். நின்று பார்த்தால் இலையசைவுகூட இருக்காது. அது பிளைத் நாணல் கதிர்க்குருவி, குளிர்காலம் முழுக்க இந்த வேலிகளில் இருக்கிற வலசைப் பறவை. பழுப்பு நிறம், சொல்லிக்கொள்ள ஓர் அடையாளமும் கிடையாது. வந்தவர்களை அந்தப் புதர் முன்னால் நிறுத்தி, பறவை தெரியாவிட்டாலும் அதன் இருப்பைக் காதால் ஒப்புக்கொள்ள வைப்பது சாதாரணத் திறமை அல்ல.

இத்தனை மெனக்கெடுவது எதற்கு? மத்திய அரசின் நில வளத் துறை வெளியிடும் தரிசு நில வரைபடத் தொகுப்பில் புதர்க்காடும் வெறும் பாறை நிலமும் தரிசு வகைகளாகவே கணக்கிடப்படுகின்றன. பயிர் இல்லை, பெரிய மரம் இல்லை என்பதே அந்தக் கணக்கின் அளவுகோல். மஞ்சள்தொண்டைச் சின்னானுக்கு அதே பாறையும் புதரும்தான் வீடு. உலகிலேயே தென்னிந்தியத் தீபகற்பத்தில் மட்டும் வாழ்கிற, அழியும் ஆபத்துக்கு ஆளாகக்கூடியது என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கிற பறவை அது. சேர்வராயன், கொல்லிமலைச் சரிவுகளில் பதிவாகியிருக்கிறது. கருங்கல்லுக்காக ஒரு கரட்டை உடைத்தால் அங்கே அதன் குடியிருப்பு முடிந்தது. அறுவடை முடிந்து சும்மா கிடக்கும் காட்டில் வடக்கிலிருந்து வரும் பூனைப்பருந்துகள் தாழப் பறந்து வெட்டுக்கிளி பிடிக்கின்றன, இரவில் புல்தரையிலேயே தூங்குகின்றன. சாம்பல்தலை வானம்பாடி அங்கேதான் தரையில் முட்டையிடுகிறது. வருவாய்த் துறைப் பதிவேட்டில் இவற்றுக்கு ஒரு பத்தியும் இல்லை. இருப்பதெல்லாம் பறவை நடைகளில் எழுதப்படும் பட்டியல்கள்தான். 1929-30-இல் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் நடந்த வெர்னே ஆய்வு சேர்வராயன் மலைக்கும் வந்தது. அதன் பறவைக் குறிப்புகளை ஹியூ விஸ்லர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக ஆய்விதழில் எழுதினார். அன்று எது இருந்தது என்று இன்று ஒப்பிட முடிவது அந்தப் பதிவால்தான். மலைக்கு அப்படியொரு பழைய கணக்கு கிடைத்துவிட்டது. அடிவாரத்துக் கரட்டுக்கும் ஏரிக்கும் அதை இப்போதுதான் எழுதத் தொடங்கியிருக்கிறோம். 2015 முதல் பொங்கல் விடுமுறையில் தமிழ்ப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் யாரும் சேரலாம். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்டதையும் கேட்டதையும் இ-பேர்டு தளத்தில் பதிந்தால் போதும். புதிதாக வருகிறவர் எழுதும் பட்டியலை நம்பத்தக்கதாக ஆக்குவது பக்கத்தில் நிற்கும் வழிகாட்டி.

இதற்கு வரும் முதல் மறுப்பு எளிமையானது: இங்கே பார்க்க என்ன இருக்கிறது? புலி இல்லை, யானைக் கூட்டம் இல்லை, பூக்களின் பள்ளத்தாக்கு போல மலை முழுக்க விரியும் மலர்க்கம்பளமும் இல்லை. உண்மைதான். ஆனால் பெரிய விலங்கை நம்பி நடக்கும் சுற்றுலாவில் அது தென்படாத நாள் முழுவதும் வீணாகப் போகிறது. அந்த ஏமாற்றத்தைத் தவிர்க்க ஓட்டுநர்கள் ஒரே விலங்கைச் சுற்றி வண்டிகளை நெருக்குவதைப் பல சரணாலயங்களில் காண்கிறோம். ஏரிக்கரையில் அந்தக் கட்டாயம் இல்லை. வாத்து வராத வருடம் ஏன் வரவில்லை என்பதே பேசத்தக்க விஷயமாகிறது: மழை பிந்தியதா, மதகு திறந்ததா, மேட்டூர் உபரிநீர் வராமல் ஏரி வற்றிவிட்டதா? 2010 வாக்கில் சேலம் மக்கள் குழுவினர் மூக்கனேரியைத் தூர்வாரி, அந்த மண்ணிலேயே திட்டுகள் அமைத்து மரம் நட்டார்கள். இன்று அந்தத் திட்டுகள் பறவைகளுக்குத் தங்குமிடம். சேலத்தின் குடிநீருக்காக வெள்ளைக்காரர் காலத்தில் கட்டிய பனமரத்துப்பட்டி ஏரி பல்லாண்டு வறண்டு சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. இந்த இரண்டு ஏரிகளையும் அடுத்தடுத்துக் காட்டினால் நீர் மேலாண்மை பற்றி ஒரு பாடநூல் அளவுக்குப் புரியும். பார்க்க என்ன இருக்கிறது என்ற கேள்வி அங்கே அடங்கிப்போகும்.

இரண்டாவது மறுப்பு இளைஞர்களிடமிருந்து வருகிறது. மெர்லின் செயலி குரலைக் கேட்டே பறவையின் பெயரைச் சொல்லிவிடுகிறது. இ-பேர்டு வரைபடம் எந்த ஏரியில் என்ன என்று காட்டிவிடுகிறது. இனி ஆள் எதற்கு? பெயர் சொல்வதுதான் வேலை என்றால் இந்த வாதம் சரி, அந்த அளவுக்கு வழிகாட்டிகள் ஒதுங்கிக்கொள்ளவும் வேண்டியதுதான். ஆனால் வரைபடம் போன வாரத்தைச் சொல்கிறது, வழிகாட்டி நாளைக்காலையைச் சொல்கிறார். அதுவும் யாராவது போய்ப் பார்த்த இடத்தைத்தான் வரைபடம் காட்டும். ராசிபுரத்துக்கும் பரமத்திக்கும் இடையில் எவரும் நின்று பார்த்திராத குட்டை எத்தனையோ. செயலி சொன்ன பெயர் அந்தப் பருவத்துக்குப் பொருந்துமா என்று சந்தேகப்படுவதும் மனிதர் வேலைதான். ஆடி மாதத்தில் ஒரு பட்டியலில் ஊசிவால் வாத்து ஏறியிருந்தால் நாட்காட்டி தெரிந்தவர் அதை இன்னொரு முறை சரிபார்க்காமல் விடமாட்டார்.

மூன்றாவது மறுப்பை அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது. ஆள் கூடினால் பறவை கலையும். கூடு இருக்கும் இடம் பரவினால் புகைப்படக்காரர் கூட்டம் வரும், அவர்களுக்குப் பின்னால் பொறி வைப்பவரும் வருவார். செல்போனில் குரலை ஓட்டிப் பறவையை வெளியே இழுக்கும் வழக்கம் இங்கேயும் தலைகாட்டுகிறது. எல்லைக்குள் போட்டிப் பறவை புகுந்துவிட்டது என்று எண்ணிக் குஞ்சுக்கு இரை தேடுவதை விட்டுச் சண்டைக்கு வரும் சின்னானை, வந்தவர்கள் அழகான காட்சி என்கிறார்கள். இந்த ஆபத்துகள் எல்லாம் உண்மை. ஆனால் ஏரிக்கரைக்கு வேலி கிடையாது. வழிகாட்டி இல்லாவிட்டாலும் ஆட்கள் வரத்தான் செய்வார்கள். எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், எந்தக் கூட்டைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்று சொல்ல ஆள் இருப்பதா இல்லையா என்பதில்தான் வித்தியாசம். மகாராஷ்டிரத்துக் காஸ் பீடபூமியில் பூக்காலத்தில் கட்டணமும் தினசரி வருகைக்கு வரம்பும் வைத்துத்தான் பூக்களை மிதிபடாமல் காக்கிறார்கள். ஒடிசாவில் சிலிகா ஏரிக்கரை மங்களஜோடி கிராமம் ஒரு காலத்தில் பறவை வேட்டைக்குப் பேர்போனது. அங்கே பொறி வைத்தவர்களே படகோட்டிகளாகவும் வழிகாட்டிகளாகவும் மாறினார்கள். பறவை உயிரோடு இருந்தால் ஒவ்வோர் ஆண்டும் வருமானம் உண்டு என்ற நிலை வந்ததும் காவலும் தானாக வந்தது. பறவை எங்கே இறங்கும், எப்போது எழும் என்று வேட்டைக்காரரை விட நன்றாகத் தெரிந்தவர் யார்? அந்த அறிவுக்கு வேறு விலை கிடைக்காத வரை அது பொறியாகத்தான் விற்கப்படும்.

காசு வந்தால் ஆர்வம் கெட்டுவிடும் என்று சொல்கிறவர்களும் உண்டு. சேலத்தில் இன்று நடக்கும் பறவை நடைகளும் கணக்கெடுப்பும் பெரும்பாலும் தன்னார்வத்தால் நடப்பவை. சேலம் பறவையியல் கழகம் போன்ற அமைப்புகள் அந்த ஆர்வத்துக்கு ஒழுங்கு கொடுத்திருக்கின்றன. அந்த மதிப்பை நான் குறைக்கவில்லை. ஆனால் இலவச வேலையை விடுமுறை கிடைப்பவர் மட்டுமே செய்ய முடியும். ஏரிக்குள் ஆடு மேய்ப்பவரும் வலை வீசுபவரும் வருடம் முழுக்க அந்தக் கரையிலேயே இருக்கிறார்கள். தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும் அவர்களுக்கு வாய்ப்பாடம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நடை நடத்த அவர்களால் முடியாது. மலையில் இதற்கு ஒரு வழி பிறந்திருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் திறக்கப்பட்டன, சேலமும் அவற்றில் ஒன்று. உள்ளூர் இளைஞர்களுக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி தந்து, கட்டணத்தில் அவர்களுக்குப் பங்கு கொடுக்கிறார்கள். சமவெளி ஏரிக்கு மட்டும் அந்த யோசனை இன்னும் இறங்கி வரவில்லை. பறவையின் நூல்பெயர் தெரிந்த மாணவர் ஒருவரையும் நீரின் போக்கு தெரிந்த மீனவர் அல்லது மேய்ப்பர் ஒருவரையும் சேர்த்து ஒரு குழுவாக்கி, பத்துப் பேருக்கு மேல் போகாமல், கட்டணத்தை இருவரும் பிரித்துக்கொள்ளச் செய்தால் போதும். பெரிய கட்டடமோ பார்வையாளர் கோபுரமோ தேவையில்லை. ஒவ்வொரு நடையின் முடிவிலும் பட்டியலைப் பதிந்தாக வேண்டும் என்பதை மட்டும் நிபந்தனையாக வைக்கலாம்.

அந்த நிபந்தனைக்குக் காரணம் உண்டு. கரட்டைக் குவாரிக்கு ஏலம் விடும்போதும் ஏரியின் ஓரத்தை மண் கொட்டி மேடாக்கும்போதும் அதிகாரி கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அங்கே என்ன இருக்கிறது? இதுவரை அதற்கு ஊரில் கிடைத்த பதில் ‘ஒன்றுமில்லைங்க’ என்பதுதான். மாத வாரியாக, வருட வாரியாக, தேதியும் எண்ணிக்கையும் இட்ட பட்டியல் ஒன்றை எடுத்து வைக்க முடிந்தால் அந்தப் பதிலை இனி யாரும் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. குவாரி அதனால் நின்றுவிடும் என்று நான் உறுதி தரவில்லை. பட்டியல் தோற்கவும் கூடும். ஆனால் எதை இழக்கிறோம் என்று தெரிந்து இழப்பதற்கும் தெரியாமலே இழப்பதற்கும் நிர்வாகத்திலும் நீதிமன்றத்திலும் பெரிய வேறுபாடு இருக்கிறது. அந்த வேறுபாட்டை உண்டாக்கும் வேலையை விடுமுறை நாள் ஆர்வலர்கள் தங்கள் கைக்காசில் செய்துவருகிறார்கள். சம்பளம் கொடுக்கத் தகுந்த வேலை அது.