தயக்கத்தின் காரணம்

இறக்குவானையிலிருந்து எங்கள் பாடசாலைக்கு ஏறும் தோட்டப் பாதையில் செங்குத்தான வளைவு ஒன்று உண்டு. மேலே தேயிலை மலை, கீழே லயங்கள். சென்ற ஆண்டு ஒரு காலைப் பொழுதில் அந்த வளைவில் என் பழைய மொரிஸ் மைனர் வண்டியை நிறுத்தி, எதிரே வந்த கொழுந்து லொறிக்கு வழிவிட்டேன். லொறி கடந்ததும் முதலாம் கியரைப் போட்டு, கிளச்சை மெல்ல விட்டு, எக்ஸிலேட்டரை மிதித்தேன். ஒரு கணம் வண்டி ஒன்றுமே செய்யவில்லை. பிறகு ஒரு முறை இருமிற்று, என்ஜின் அணைந்தது. கைப்பிரேக்கை இழுப்பதற்குள் வண்டி பின்னோக்கி நாலைந்து அடி உருண்டுவிட்டது.

பின்னால் மலைக்கு ஏறிக்கொண்டிருந்த கொழுந்து பறிக்கும் பெண்கள் அலறி விலகினர். அவர்களுள் மூத்தவர் ஒருவர் ஓடிவந்து சில்லுக்குப் பின்னால் கல்லொன்றை வைத்தார். “அவசரப்படாதீங்க சேர், மெதுவா ஏத்துங்க” என்றார். என் கைகள் நடுங்கின. அந்தப் பெண்களில் ஒருத்திக்கேனும் அடி பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் நினைத்துப் பார்க்க அஞ்சுகிறேன்.

அந்த வண்டி எனக்கு வந்த கதை சிறியது. 2020 இல் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியபின் ஆசிரியர் சம்பளத்தில் வாகனம் வாங்குவது கனவாகிவிட்டது. ஓய்வு பெற்ற ‘டீ மேக்கர்’ ஒருவரின் கொட்டிலில் தூசி படிந்து கிடந்த இதை, தவணை முறையில் பணம் கொடுத்து வாங்கினேன். என் தந்தையார் முப்பது ஆண்டுகள் தோட்டத்துக் கொழுந்து லொறியை ஓட்டியவர். தமக்கென்று ஒரு சைக்கிளும் வைத்திருந்ததில்லை. மொரிஸ் மைனர் முதன்முதலாக லண்டன் கண்காட்சிக்கு வந்தது 1948 இல். அதே ஆண்டில்தான் இலங்கை நாடாளுமன்றம் குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றி, என் பாட்டனாரைப் போன்ற பல இலட்சம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கிற்று. அந்தக் காலத்துத் துரைமார் ஏறிச் சென்ற வண்டியில் அவருடைய பேரன் அமர்ந்திருப்பதில் எனக்கு ஓர் உள்ளூறிய பெருமை இருந்ததை மறைக்க மாட்டேன்.

ஆனால் அந்தப் பெருமையை வண்டி மதிக்கவில்லை. நின்ற நிலையிலிருந்து புறப்படும்போதும், கியர் மாற்றி மீண்டும் மிதிக்கும்போதும் ஒரு கணம் தயங்கும். பிறகு திடீரெனப் பாயும். குற்றம் என் காலில்தான் என்று முதலில் எண்ணினேன். “இன்னும் அழுத்தி மிதியுங்கள்” என்றனர் நண்பர்கள். அழுத்தி மிதித்தேன், தயக்கம் அதிகமாயிற்று. தந்தையாரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். “தம்பி, நீ வண்டிக்குச் சொல்லிக்கிட்டே இருக்க. வண்டி சொல்றத ஒரு தடவையாவது கேட்டியா?” என்றார்.

வளைவில் நடந்த நிகழ்ச்சிக்குப் பிறகு வண்டியை நகரத்துக் கராஜுக்குக் கொண்டுபோனேன். அங்குள்ள பாஸ் ஒரு சிங்கள முதியவர். இளமையில் தோட்டத் தொழிற்சாலையில் வேலை செய்தபோது கற்ற தமிழை இன்னும் மறவாதவர். மிதிகட்டையிலிருந்து செல்லும் கம்பியை முதலில் இழுத்துப் பார்த்தார், அதில் தளர்வில்லை. பிறகு காபரேட்டரின் தலையிலிருந்த சிறு மூடியைத் திருகி எடுத்தார். அதிலிருந்து தொங்கிய மெல்லிய தண்டை எனக்குக் காட்டினார். அது காய்ந்திருந்தது.

அவர் விளக்கியதை என் சொற்களில் தருகிறேன். எக்ஸிலேட்டரை மிதிக்கும்போது நாம் நேராகப் பெற்றோலை அனுப்புவதில்லை. காற்று செல்லும் வழியைத்தான் திறக்கிறோம். காற்று இலேசானது, உடனே பாய்கிறது. பெற்றோல் கனமானது, பின்தங்குகிறது. அந்தக் கணத்தில் என்ஜினுக்குக் கிடைப்பது சத்தற்ற கலவை. ஆகவே அது திணறுகிறது. இதை முன்னறிந்தே, இவ்வகைக் காபரேட்டரைச் செய்தவர்கள் அதனுள் ஏறி இறங்கும் பிஸ்டனின் நடுவே சிறிது எண்ணெய் நிற்கும்படி வைத்தார்கள். எண்ணெய் இருந்தால் பிஸ்டன் துள்ளி எழாது, மெதுவாக எழும். அதற்குள் ஒடுங்கிய வழியில் விரையும் காற்று கூடுதலான பெற்றோலை உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெய் வற்றினால் பிஸ்டன் துள்ளும்; கலவை மெலியும். எவ்வளவு வேகமாக மிதிக்கிறோமோ அவ்வளவுக்குத் திணறல் மிகும்.

“சேர் கால் மேல பிழை இல்ல. வண்டி மேலயும் பிழை இல்ல. எண்ணெய் இல்ல, அவ்வளவுதான்” என்றார் பாஸ். சிறிதளவு என்ஜின் எண்ணெய் ஊற்றி மூடினார். அன்று மாலை அதே வளைவில் வண்டி முனகாமல் ஏறிற்று.

இத்துடன் முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். ஆனால் அந்த வளைவைத் தாண்டும்போது ஒரு மாணவன் நினைவுக்கு வந்தான். பத்தாந்தரத்தில் என்னிடம் தமிழ் படித்தவன். மூன்று வாரங்களாக வகுப்புக்கு வராதவன். கேள்வி கேட்டால் விழித்தபடி நிற்பான். நான் குரலை உயர்த்துவேன். அவன் தலை தாழும். ஒருநாள் புணர்ச்சி விதி ஒன்றைக் கேட்டு, பதில் வராமையால், வகுப்பறிய அவனை ‘மக்கு’ என்றேன். அதற்குப் பிறகுதான் அவன் வரவில்லை.

மறுநாள் அவன் லயத்துக்குப் போனேன். தாயார் வேலையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். கொழும்பில் ஒரு கடைக்கு அவனை அனுப்ப உறவினர் பேசி வைத்திருப்பதாகச் சொன்னார். “படிப்பு ஏறலன்னு நீங்களே சொன்னீங்களாமே சேர்” என்றார். அவர் குரலில் கோபமில்லை. அதுதான் என்னைச் சுட்டது. காலை ஆறு மணிக்குத் தாய் வேலைக்குப் புறப்பட்டால், தங்கையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு, வெறுந் தேநீருடன் மூன்று மைல் நடந்து வருபவன் அவன். அவனிடமே கேட்டேன். வெகுநேரம் பேசாதிருந்துவிட்டுச் சொன்னான்: “பதில் தெரியும் சேர். சொல்றதுக்குள்ள நீங்க அடுத்த ஆளைக் கேட்டுடுவீங்க.”

மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970 களில் வகுப்பறைப் பேச்சுக்களைப் பதிவு செய்து ஆராய்ந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்காகக் காத்திருந்த நேரம் சராசரியாக ஒரு விநாடிதான். அதை மூன்று விநாடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன. அதுவரை வாய் திறவாத பிள்ளைகளும் பேசினர். இதை ஆசிரியப் பயிற்சியின்போதே நான் படித்திருந்தேன், பரீட்சையிலும் எழுதினேன். வகுப்பில் மட்டும் செய்யவில்லை.

எங்கள் மக்களைப் பற்றிய தீர்ப்பும் இப்படித்தான் வழங்கப்பட்டு வருகிறது. “தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எவ்வளவு செய்தாலும் முன்னேற்றம் மந்தம்” என்று கூறுவோரை நான் அலுவலகங்களிலும் ஆசிரியர் ஓய்வறைகளிலும் கேட்டிருக்கிறேன். இந்நாட்டில் இலவசக் கல்வி வந்தது 1945 இல். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதோ 1970 களில். 1948 இல் பறிபோன குடியுரிமையின் இறுதிக் கணக்குத் தீர்ந்தது 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தில். நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய்ச் சம்பளம் என்ற கோரிக்கை பல ஆண்டுகள் முழங்கி, 2021 இல்தான் வர்த்தமானியில் ஏறிற்று. மறு ஆண்டே விலைவாசி அதன் பெறுமதியைத் தின்றுவிட்டது. நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’ போடும் வழக்கத்தைத் தோட்டத்தில் பிறந்த எவரும் அறிவர். காலந்தாழ்த்திக் கொடுத்தவர்களே, பெற்றவர்களைப் பார்த்து “ஏன் தாமதம்?” என்று கேட்கிறார்கள்.

சிறிதளவு எண்ணெயும் ஆசிரியரின் பொறுமையும் எல்லாவற்றையும் சீராக்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. சப்பிரகமுவவில் தமிழ்மூலம் உயர்தர விஞ்ஞானம் கற்பிக்கும் பாடசாலைகள் மிகச் சில. நாளை இந்தப் பையன் விஞ்ஞானம் படிக்க விரும்பினால் எங்கே அனுப்புவேன்? அதற்கு வகுப்பறைக்கு வெளியே, பெற்றோரோடும் தொழிற்சங்கங்களோடும் சேர்ந்து நின்று போராட வேண்டியிருக்கிறது. ஆனால் பிழை பிள்ளையிடம் இருப்பதாக நம்பும் ஆசிரியன் அந்தப் போராட்டத்துக்கு வரவே மாட்டான். நானும் வந்திருக்க மாட்டேன்.

அவன் திரும்பி வந்திருக்கிறான். வகுப்பறிய அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பிள்ளைகள் திகைத்துப் போனார்கள். இன்றும் அவன் தாமதித்தே பதில் சொல்கிறான். நான் கேட்டுவிட்டு, மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியபடி நிற்கிறேன். சில நாள் ஐந்து வரை எண்ண வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் பதில் சரியாகவே இருக்கிறது.